முன்னால் நின்று சொல்கிற பிள்ளை

சேலத்துக் கான்வென்ட்டில் என் அக்கா வேளாங்கண்ணி சிரித்த சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அவள் மகள் அக்சிலியாவுக்கு ஆறாம் வகுப்பில் ஹாஸ்டலோடு இடம் கேட்டுப் போயிருந்தோம். எங்கள் ஊர் ஜலகண்டாபுரத்துப் பக்கம். அக்காவும் மச்சானும் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர்கள். இருமினால் பஞ்சு வரும். மகளைத் தறிக் கொட்டகைப் பக்கமே விடுவதில்லை என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். எங்கள் ஊரில் ஐந்தாவது முடித்த பெண் பிள்ளைகள் லீவு நாளில் சும்மா விளையாட்டுக்குத்தான் தார் சுற்ற உட்காரும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூல் கண்டுதான் தார். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அதுகள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் அக்சிலியா தப்பித்தாள், கிடைக்காவிட்டால் இல்லை.

நான் லாசர், அக்காவுக்குத் தம்பி. ஆழ்குழாய்க் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கரில் போர் போடும்போது பைப்புக்கு நடுவில் மாட்டி இடது கையில் விரல் நசுங்கிவிட்டதால் கட்டுப் போட்டுக்கொண்டு ஊரில் கிடந்தேன். சும்மாதானே கிடக்கிறாய், துணைக்கு வா என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சேர்க்கைக்குப் பொறுப்பான சிஸ்டர் தன்மையானவர். ஒரு கதைப் புத்தகத்தைப் பிரித்து அக்சிலியாவிடம் நீட்டி, "இந்தப் பக்கத்தை மட்டும் படிச்சுக் காட்டும்மா, போதும்" என்றார். பக்கத்தின் மேலே ஆற்றங்கரையில் ஒரு யானைக்குட்டி தனியாக நிற்கிற படம் போட்டிருந்தது. அக்சிலியா புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தாள். யானை நிலத்தில் வாழும் விலங்குகளில் பெரியது என்று ஆரம்பித்தாள். யானை கூட்டமாக வாழும். கூட்டத்தை வயதில் மூத்த பெண் யானை வழிநடத்தும். கணீரென்ற குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கிப் படித்துக்கொண்டே போனாள்.

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்தப் பக்கத்தில் அவள் சொன்னதில் ஒரு வரிகூடக் கிடையாது. அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிற குட்டியைப் பற்றிய கதை அது. இவள் விரல் வரிவரியாக இறங்கி அடிக்கு வந்துவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் கேட்ட யானைப் பாடம் இன்னும் முடியவில்லை. விரல் சத்தமில்லாமல் மறுபடி மேலே ஏறி முதல் வரியிலிருந்து நகர ஆரம்பித்தது. யானையின் தந்தத்தைப் பற்றியும் சொல்லி முடித்த பிறகுதான் புத்தகத்தை மூடினாள்.

அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவள் சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள். எம்புள்ளை எப்படி, பார்த்தீர்களா என்கிற சிரிப்பு.

சிஸ்டர் பிள்ளையை வெளியே இருந்த ஊஞ்சலில் போய் விளையாடச் சொன்னார். பிறகு மெதுவாக, "அம்மா, பிள்ளைக்கு நல்ல மூளை. இந்த ஞாபகசக்தி எனக்கே ஆச்சரியமா இருக்கு. ஆனா இதுல இருக்கறதை அவ படிக்கலை. எழுத்துக்கூட்டவே தெரியலைன்னு நினைக்கிறேன்" என்றார். அக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். சிஸ்டர் தொடர்ந்தார். "மே மாசம் இந்த மாதிரிப் பிள்ளைங்களை ஹாஸ்டல்லயே வெச்சு முதல்ல இருந்து சொல்லித் தர்றோம். கொண்டுவந்து விடுங்க. அவளுக்கு இடம் வெச்சிருக்கேன். ஆனா நீங்க மனசார ஒத்துக்கிட்டு விடணும். அழுதான்னு பாதியில கூட்டிட்டுப் போயிட்டா அவளுக்குத்தான் நஷ்டம்."

பஸ்ஸில் அக்கா வெடித்துவிட்டாள்.

"இல்லாத ஊட்டுப் புள்ளைன்னு நாசூக்காக் கழிச்சு உடறாங்கடா. அத்தன பதவிசாப் படிச்சாளே, நீயும் கேட்டுட்டுத்தான நின்ன?"

"அவ படிக்கலக்கா. எல்லாம் மனப்பாடம்."

"மனப்பாடமாப் படிக்கறது தப்பா? வருசா வருசம் பரிசு வாங்கறவளுக்குப் படிக்கத் தெரியலயாம். நீயும் அந்தச் சிஸ்டரம்மாவோட சேந்துக்கோ."

அக்சிலியா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கடைப் பலகைகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளைக்கு அவையெல்லாம் என்னவாகத் தெரிகிறதோ என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டி ஒரு எழுத்தைத் தொட்டு, இது என்ன சாமி என்றேன். அவள் உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தாள். உற்றுக் கேட்டேன். 'அ'விலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற எழுத்து அட்டையில் அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் தேடுகிறாள். கண்டுபிடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க மாமா. டீச்சர் ஒருக்காப் படிச்சாங்கன்னா எனக்கு வந்துருமுங்க. அப்பறம் தாளப் பாக்க வேண்டியதே இல்ல."

"டீச்சர் உன்னயத் தனியாப் படிக்கச் சொன்னதே இல்லியா?"

"நாந்தான் முன்னால நின்னு எல்லாத்துக்கும் சொல்லித் தாரேனுங்களே. என்னய எதுக்குங்க படிக்கச் சொல்றாங்க?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

கோயிலை ஒட்டி ஒரே ஒரு ஹால். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். நான் படித்தபோது மூன்று டீச்சர்கள் இருந்தார்கள். இப்போது பிலோமினா டீச்சர் ஒருத்தர்தான். என் தலையில் குட்டிக் குட்டி எழுத்துக்கூட்ட வைத்தவரும் அவர்தான். வாசலில் நின்றபோதே சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை முதல் வரியைச் சொல்ல, மற்ற பிள்ளைகள் அதையே திருப்பிச் சொன்னார்கள். எங்கள் ஊரில் செபமாலை சொல்வது இப்படித்தான். முன்னால் ஒருவர் முழங்காலில் நின்று ஆரம்பிப்பார், கூட்டம் முடித்து வைக்கும். புத்தகம் தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். செபத்துக்கு அது சரி. பாடத்தையும் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் அக்சிலியா கையில் பிரம்போடு நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூலையில் டீச்சர் போனை ஜன்னல் கம்பியோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பூரித்துப் போகிறார்கள். நல்ல பள்ளிக்கூடம், பிள்ளைகள் எப்படிச் சத்தம் போட்டுப் படிக்குது பார் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டீச்சரை வெளியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"அக்சிலியாவுக்கா படிக்கத் தெரியாது? ஏன்டா லாசரு, அவதான் என் பள்ளிக்கூடத்துக்கே முதுகெலும்பு."

"ஒருக்கா அவளைத் தனியாக் கூப்பிட்டு, புதுசா ஒரு தாளக் குடுத்துப் பாருங்க டீச்சர்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கூப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. அவருக்கு முன்பே தெரியும் என்பது அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "காலி போஸ்ட்டுக்கு ஆள் கேட்டுக் கேட்டு வாய் நொந்து போச்சு சாமி" என்றார். "அட்டென்டன்ஸு, முட்டைக் கணக்கு, போட்டோ, எல்லாத்தையும் இந்தப் போன்ல நானே ஏத்தணும். ஏத்தலீன்னா மேல இருந்து கேள்வி. அஞ்சு கிளாஸையும் நான் எப்படிப் பாப்பேன்? அந்தப் புள்ள முன்னால நிக்கறதாலதான் பொழுது ஓடுது."

"அது செரிங்க டீச்சர். உங்களக் குத்தம் சொல்ல வரல. அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்க சொன்னா அது நம்பும். புள்ள மே மாசம் சேலம் போயிரும்."

"அக்சிலியாவுக்கே தெரியலன்னு நானே சொன்னா, மத்த புள்ளைங்க அப்பனும் ஆத்தாளும் என்ன நெனைப்பாங்க? மிச்சம் இருக்கறதுகளும் இங்கிலீஷ் மீடியம் வேன்ல ஏறிப் போயிரும். இந்த ஹாலுக்குப் பூட்டுப் போட்டுருவாங்க. வேன் பீஸ் கட்ட வழியில்லாத புள்ளைங்க எங்க போகும்?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் போகவும் இல்லை, முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் மறுபடி பேச்செடுத்தேன். அவள் சோற்றுக் கரண்டியோடு திரும்பினாள்.

"நாளைக்குச் சூசையப்பர் நவநாள் பூசையில அக்சிலியாதான் வாசகம் படிக்கறா. கோயிலுக்கு வந்து கேளு. ஒரே ஒரு தப்பு உட்டான்னு டீச்சர் கையத் தூக்கட்டும், நானே பெட்டியத் தூக்கிட்டுப் போயி அவளச் சேலத்துல கொண்டி உடறேன். நல்லாப் படிச்சுப்போட்டா, அதுக்கப்பறம் நீ இதப் பத்தி வாயே தொறக்கக் கூடாது. செரியா?"

சரி என்றேன். டீச்சர் கையைத் தூக்குவது எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். பூசையில் பைபிள் வாசகம் படிக்கிறவர்களுக்குப் பழக்கி விடுவது பிலோமினா டீச்சர்தான். பூசையில் முதல் பெஞ்சில் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டே இருப்பார். யாராவது பிசகினால் கையைத் தூக்கி, "திரும்பப் படி" என்பார். பெரிய ஆள், சின்ன ஆள் என்று பார்க்க மாட்டார். போன வாரம் கோயில் வேலைகளைக் கவனிக்கிற உபதேசியாரையே நிறுத்தித் திரும்பப் படிக்க வைத்தார்.

மறுநாள் மத்தியானம் அக்சிலியா ஒரு தாளோடு என்னிடம் வந்தாள்.

"மாமா, இத ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க. எப்பவும் டீச்சர் படிச்சுக் காட்டுவாங்க. இன்னிக்குத் தாளக் கையில குடுத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்க."

வாங்கிப் பார்த்தேன். பஞ்ச காலத்தில் இறைவாக்கினர் ஒருவர் ஒரு கைம்பெண்ணிடம் போய்த் தண்ணீரும் அப்பமும் கேட்கிற கதை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கதைதான். அந்த அம்மாள், வீட்டில் ஒரு பிடி மாவுதான் மிச்சம், அதையும் சுட்டுத் தின்றுவிட்டு நானும் என் மகனும் சாகப் போகிறோம் என்பாள். அவர் அதற்குப் பயப்படாதே என்பார்.

முடியாது என்று சொல்லியிருந்தால் பிள்ளை கோயிலில் ஊமையாக நின்றிருப்பாள். ஊர் முழுக்க வேடிக்கை பார்த்திருக்கும். அப்படியே படித்துக் காட்டினால் அவள் பிசகில்லாமல் சொல்லிவிடுவாள். அக்காவிடம் நான் தோற்றுப் போவேன், பிள்ளையும் தார் சுற்றப் போவாள். எனக்கு ஒரு கிறுக்கு யோசனை வந்தது. அந்த ஒரு பிடி மாவு வருகிற வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். டீச்சர் கையைத் தூக்குவார். திரும்பப் படி என்பார். தாளில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இவள் நிற்பாள். பாதிக் கோயிலுக்கு முன்னால் கொஞ்சம் அவமானம்தான். ஆனால் ஒரு நாள் அவமானத்தோடு போய்விடும், பிள்ளை சேலம் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அவள் சம்மணம் போட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நம்பி அப்படி யாரும் பார்த்ததில்லை. படித்து முடித்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. "செரிங்க மாமா, வந்துருச்சு" என்று தாளை மடித்துக்கொண்டு ஓடினாள்.

பூசைக்குக் கூட்டம் நிறைய. கொடிமரத்துக்கு சீரியல் லைட் போட்டிருந்தார்கள். நான் பக்கவாட்டுக் கதவோரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் டீச்சரின் மடியும் தாளும் நன்றாகத் தெரியும். அக்கா இரண்டாவது பெஞ்சில், கான்வென்ட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்த அதே பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். அக்சிலியா ஸ்டூல் மேல் ஏறி மைக்குக்கு எட்டி நின்று, தாளைப் பிரித்து, விரலை வைத்தாள்.

அழகாகப் படித்தாள். படித்தாள் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன், வேறு என்ன சொல்ல. பேசிக்கொண்டிருந்த ஆம்பளைகள்கூட அமைதியானார்கள். கைம்பெண் விறகு பொறுக்கினாள். தண்ணீர் கொண்டுவரப் போனாள். அப்பமும் கொண்டுவா என்று பெரியவர் கேட்டார். உடனே அக்சிலியாவின் குரல், பயப்படாதே என்று போய்விட்டது.

டீச்சரின் விரல் நின்றது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கை தாளிலிருந்து எழும்பியது. நெஞ்சு உயரத்துக்கு வந்தது. சேசுவே, இந்தக் கையைத் தூக்க வையும் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு உருக்கமாகச் செபித்ததில்லை. டீச்சர் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். அக்கா கண்கலங்கி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து பெஞ்சுகளில் பிள்ளைகளின் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் தூக்கிய கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். விரல் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனது.

மாவும் எண்ணெயும் குறையவில்லை என்று அக்சிலியா முடித்தாள். ஆண்டவரின் அருள்வாக்கு என்றாள். கோயில் முழுக்க ஒரே குரலில் இறைவனுக்கு நன்றி என்றது.

பூசை முடிந்து வெளியே சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார். அக்கா வந்து, "கேட்டியா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டுமென்றே நான்தான் ஒரு வரியை விட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், என் பிள்ளையைக் கவிழ்க்கப் பார்த்தாயா என்பாள். அதற்கு மேல் நான் சொல்கிற எதையும் நம்ப மாட்டாள். கேட்டேன் என்றேன்.

அக்சிலியா சுண்டல் பொட்டலத்தோடு வந்து என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"மாமா, அந்தப் பெரியவரு பயப்படாதீன்னு சொல்றாரில்லீங்க. அந்தம்மா எதுக்குங்க பயந்துச்சு? அது வரவே இல்லியே. சொல்றப்பத்தான் தோணுச்சு, நடுவுல என்னமோ கொறையுதுன்னு. நான் மறந்துபோட்டனுங்களா?"

அத்தனை பேர் கேட்ட வாசகம். அர்த்தம் பிசகுகிறது என்று அதைத் தானாகக் கண்டுபிடித்தது, அதில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத இந்தப் பிள்ளை மட்டும்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வந்து அவளைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

அந்த வாரமே ரிக் ஓனர் கூப்பிட்டார். போவதற்கு முன்னால் கான்வென்ட் பேச்சை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்று அக்கா சொல்லிவிட்டாள். ஆறாவதுக்குப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கூடமே போதும், பரிசு வாங்கறவ எங்கே போனாலும் படிப்பாள் என்றாள்.

மே மாதக் கடைசியில், சத்தீஸ்கரில் வண்டி பஞ்சராகி நின்ற ஒரு மத்தியானம் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்சிலியாதான் எடுத்தாள். அவள் குரலுக்குப் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியாத சத்தமா அது.

"தார் மிஷின்கிட்டயா இருக்கற?"

"லீவுதானுங்களே மாமா. சும்மா பொழுது போகலீன்னு உக்காந்தேன். அம்மா பக்கத்துத் தறியிலதான் நிக்குது, கூப்படட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். அவளே ஆரம்பித்தாள்.

"அந்தம்மா எதுக்குப் பயந்துச்சுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

"நீ எதையும் மறக்கல சாமி. மாமாதான் ஒரு வரியப் படிக்காம உட்டுட்டேன்."

"பரவால்லீங்க. இப்பச் சொல்லுங்க."

வெயிலில் ரிக்கின் நிழலில் நின்றுகொண்டு சொன்னேன். ஊட்டுல ஒரு பிடி மாவுதான் மிச்சம் இருக்குது, அதையும் சுட்டுத் தின்னுபோட்டு நானும் எம்மகனும் சாகப் போறோம்னு அந்தம்மா சொல்லுச்சு என்றேன். எம்மகனும் என்ற இடத்தில் ஒரு தரம் நிறுத்தினேன்.

மிஷின் சத்தத்துக்கு மேலே அக்சிலியா அதை எனக்குத் திருப்பிச் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. நான் நிறுத்திய இடத்தில் அவளும் நிறுத்தினாள்.